தரகர் யார் பக்கம்?

கலியாணத்துக்குப் புடவை எடுக்கப் போகிறவர்களைப் பாருங்கள். ஒரு கடையில் ஏறி, மறு கடையில் இறங்கி, முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்து, கடைசியில் முதலில் ஏறிய கடைக்கே திரும்பி வந்து, அங்கே அரை மணி நேரம் பேரம் பேசிய பிறகுதான் பணப்பையைத் திறப்பார்கள். அதே குடும்பத்தார் தங்கள் வீட்டை விற்க நேர்ந்தால் என்ன செய்கிறார்கள்? "நமக்குத் தெரிந்த தரகர் ஒருவர் இருக்கிறார்" என்று யாரோ ஒருவர் சொல்கிறார். மறுநாள் காலையில் அந்தத் தரகர் வருகிறார், காப்பி சாப்பிடுகிறார். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஒரு தலைமுறையின் சம்பாத்தியம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டு விடுகிறது!

இதை நாம் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. நடுத்தரக் குடும்பங்களுக்குச் சொத்து என்று இருப்பது பெரும்பாலும் ஒரு வீடுதான். அதை வாழ்நாளில் ஒரு தடவை விற்கிறோம். தரகரோ மாதந்தோறும் விற்கிறார். ஒரு தடவை விளையாடுகிறவனும் தினந்தோறும் விளையாடுகிறவனும் ஒரே பலகையில் சொக்கட்டான் ஆட உட்கார்ந்தால் யார் ஜயிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேற்கு மாம்பலத்தில் நமக்கு வேண்டிய அம்மாள் ஒருவர் இருந்தார். தனியார் பள்ளிக்கூடத்தில் 34 வருஷம் கணக்கு உபாத்தியாயினியாக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் கிடையாது. கணவர் காலமாகி விட்டார். ஒரே மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அரை கிரவுண்டுக்குச் சற்று அதிகமான மனையில், மாமனார் காலத்தில் கட்டிய வீடு. கணவர் உயிரோடிருக்கும்போதே அதை அம்மாளின் பெயருக்குச் செட்டில்மெண்டு எழுதிப் பதிவு செய்து வைத்திருந்தார். வீட்டை விற்று, மகள் வீட்டுக்கு அருகில் சிறியதாக ஒன்று வாங்கிக் கொண்டு, மிச்சத்தைப் பாங்கியில் போட்டு வட்டியில் காலந்தள்ள வேண்டும். இதுதான் அவருடைய திட்டம். விலையில் குறைகிற ஒவ்வொரு லட்சமும் அந்த மிச்சத்திலிருந்துதான் குறையும். மிச்சம் போதாவிட்டால், மருந்து வாங்குவதற்கும் மகளிடம் கை நீட்ட வேண்டியதுதான்.

கொழுந்தனார் ஒரு தரகரை அழைத்து வந்தார். "நம்முடைய பையன், மன்னி. நம்பலாம்" என்றார். தரகர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அம்மா, உங்களுக்கு ஒரு தொந்தரவும் வேண்டாம். உங்கள் கைக்குச் சுளையாக 1 கோடியே 30 லட்சம் வந்துவிடும். கமிஷன் என்று ஒரு காசு உங்களிடம் வாங்க மாட்டேன். அதற்கு மேல் வருவது என் பாடு."

கமிஷன் வேண்டாம் என்கிற தரகர்! இதைவிட உத்தமமான மனிதர் எங்கே கிடைப்பார் என்று கொழுந்தனார் பூரித்துப் போனார். ஆனால் அம்மாள் கணக்கு வாத்தியார் அல்லவா? "கமிஷன் இல்லாமல் உனக்கு எப்படியப்பா கட்டும்?" என்று கேட்டார். தரகர் சிரித்தார், பதில் சொல்லவில்லை.

அந்தச் சிரிப்பின் பொருள் என்னவென்று பார்ப்பதற்கு முன்னால், தரகரே வேண்டாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட வேண்டும்.

தரகரின் தொழில்

தரகரைத் திட்டுவது நம் ஜனங்களுக்குப் பிரியமான பொழுதுபோக்கு. அது நியாயமன்று. வீடு பார்க்க வருகிறவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதைக் கழிக்க வருகிறவர்கள். வாங்க மனமுள்ளவர்களிலும் சிலருக்குப் பணம் இருக்காது. சிலருக்குப் பாங்கியில் கடன் கிடைக்காது. இவர்களை வாசலிலேயே பிரித்தறிவது ஒரு வித்தை. மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது ஆகியவற்றில் எது குறைகிறது என்று முன்கூட்டியே சொல்லி, வாங்குகிறவருடைய வக்கீல் குற்றம் கண்டுபிடிப்பதற்குள் அதைச் சரி செய்யச் சொல்வது ஒரு வித்தை. கோபத்தில் எழுந்து போகிற இரு தரப்பாரையும் தெருக் கோடியிலிருந்து திரும்ப அழைத்து வந்து உட்கார வைப்பது எல்லாவற்றிலும் பெரிய வித்தை. இவ்வளவும் தெரிந்த தரகர் வாங்குகிற கூலி தகும். தனியாக இருக்கும் முதியவர்கள், முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து விடுவதைக் காட்டிலும் ஒரு நல்ல தரகரை வைத்துக் கொள்வது க்ஷேமம்.

ஆகவே, தரகர் வேண்டும். ஆனால் அவர் யார் பக்கம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

2 சதவீதக் கணக்கு

தரகு என்பது ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் வேறுபடும். விலையில் 1 அல்லது 2 சதவீதம் என்பது நம் பக்கத்தில் சாதாரணமாய்க் காதில் விழுகிற பேச்சு. விற்கிறவர், வாங்குகிறவர் இருவரிடமும் தரகு வாங்குவதும் உண்டு. இரண்டு பக்கத்திலும் கூலி வாங்குகிறவர் எந்தப் பக்கத்துக்கு உழைப்பார்? இதற்கு விடை எளிது. வியாபாரம் முடிகிற பக்கத்துக்கு உழைப்பார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 கோடி ரூபாய் வீட்டுக்கு 2 சதவீதத் தரகு 2 லட்சம். இன்னும் இரண்டு மாதம் பொறுத்து, பத்துப் பேரை அழைத்து வந்து, விலையை 5 லட்சம் உயர்த்தினால் உங்களுக்கு 5 லட்சம் லாபம். தரகருக்கு அதில் எவ்வளவு? 10,000 ரூபாய். அந்த 10,000 ரூபாய்க்காகக் கைக்கெட்டிய 2 லட்சத்தை அவர் ஆபத்துக்கு உள்ளாக்குவாரா? "இந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள். மார்க்கெட்டு இறங்குமுகமாய் இருக்கிறது" என்றுதான் சொல்வார். அவர் பொல்லாதவராக இருக்க வேண்டியதில்லை. கூலியின் அமைப்பே அவரை அப்படிப் பேச வைக்கிறது.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமன்று. அமெரிக்கர்கள் எதையும் எண்ணிப் பார்க்காமல் விடமாட்டார்கள். சிகாகோ நகரும் அதன் சுற்றுப்புறமும் அடங்கிய வட்டாரத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வீடுகளின் விற்பனையை லெவிட், சைவர்ஸன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து, 2008-இல் வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, பிறர் வீட்டை விற்பதைவிடச் சராசரி 9 நாளுக்கு மேல் கூடுதலாகக் காத்திருந்தார்களாம், விலையும் 3.7 சதவீதம் அதிகமாகப் பெற்றார்களாம். தம் வீடு என்றால் பொறுமை. பிறர் வீடு என்றால் அவசரம்! மனித சுபாவத்துக்கு மாம்பலமும் ஒன்றுதான், சிகாகோவும் ஒன்றுதான்.

போட்டியில் ஏறிய விலை யாருக்கு?

நிற்க. மாம்பலத்துத் தரகர் கேட்டது சதவீதமே அல்ல. "உங்கள் கைக்கு இவ்வளவு; மேலே வருவது எனக்கு" என்பது அவருடைய ஏற்பாடு. இந்த ஏற்பாட்டைக் கேட்டதும் நமக்குச் சாணக்கியர் நினைவு வந்தது.

வீடு விற்பதற்கு அர்த்த சாஸ்திரம் ஒரு முறை வகுத்திருக்கிறது. சுற்றத்தார், அண்டை வீட்டார், கடன் கொடுத்தவர் ஆகியோருக்கு அந்த வரிசையில் வாங்க முதல் உரிமை. அதற்குப் பிறகே வெளியார். விற்பனையை வீட்டின் முன்னால், அக்கம்பக்கத்து நாற்பது குடும்பத்தார் அறியக் கூவி அறிவிக்க வேண்டும். "இந்த விலைக்கு யார் வாங்குகிறீர்கள்?" என்று மூன்று முறை கேட்டு, மறுப்பு இல்லையென்றால் வாங்க வந்தவர் வாங்கலாம். போட்டியினால் விலை ஏறினால், ஏறிய தொகை அரசனுடைய பொக்கிஷத்துக்குச் சேரும்.

அரசன் எடுத்துக் கொண்டது நியாயமா என்று இப்போது விவாதிக்க வேண்டாம். ஊரறிய எடுத்துக் கொண்டான். அந்த மட்டில் சரி. இக்காலத்தில் அதே தொகை ஒருவருக்கும் தெரியாமல் தரகருடைய சட்டைப் பைக்குப் போகிறது. விற்கிறவருக்கு வாங்குகிறவர் கொடுத்த விலை தெரியாது. வாங்குகிறவருக்கு விற்கிறவர் கேட்ட விலை தெரியாது. இருவரையும் நேரில் சந்திக்க விடாமல் காப்பாற்றுவதே தரகரின் முழு வேலையாகி விடுகிறது.

தோட்டத்தில் ஒரு சுரங்கம்

நம் நாட்டில் இன்றும் வழங்குகிற இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் வெள்ளைக்காரர்கள் இயற்றியது. அவர்கள் செய்த காரியங்களில் நாம் குறை சொல்லாதது மிகச் சொற்பம். ஆனால் இந்தச் சட்டத்தில் முகவரைப் பற்றிய பகுதியை விற்கப் போகிற ஒவ்வொருவரும் தெரிந்து கொள்ள வேண்டும்.

215-ஆம் பிரிவில் உதாரணமாக ஒரு குட்டிக் கதையே இருக்கிறது. ஒருவர் தம் நிலத்தை விற்றுத் தரும்படி முகவரிடம் சொல்கிறார். முகவர் நிலத்தைச் சுற்றிப் பார்க்கும்போது, சொந்தக்காரருக்கே தெரியாத ஒரு சுரங்கம் அதில் இருப்பதைக் காண்கிறார். அதை மறைத்து, "இந்த நிலத்தை நானே வாங்கிக் கொள்கிறேன்" என்கிறார். சொந்தக்காரர் சம்மதிக்கிறார். பின்னர் உண்மை தெரிய வந்தால், அந்த விற்பனையை ஒப்புக் கொள்வதும் தள்ளிவிடுவதும் சொந்தக்காரரின் இஷ்டம். அடுத்த பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சொந்தக்காரர் அறியாமல் முகவர் தம் சொந்த லாபத்துக்காக அந்த வியாபாரத்தில் இறங்கினால், அடைந்த லாபத்தைச் சொந்தக்காரர் கேட்கலாம். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், வேலை முடிந்த பிறகே கூலி என்பது 219-ஆம் பிரிவு. நடத்தை தவறினால் அந்த அளவுக்குக் கூலியே இல்லை என்பது 220-ஆம் பிரிவு.

"மாம்பலத்தில் ஏது சுரங்கம்?" என்று நேயர்கள் கேட்கலாம். இருக்கிறது. தங்கம் வெள்ளி அல்ல. தெருவின் அகலமும் பக்கத்து மனையும்.

தமிழ்நாட்டில் 2019-ஆம் வருஷத்துக் கட்டட விதிகளின்படி, தெரு 9 மீட்டரோ அதற்கு மேலோ அகலமாக இருந்தால், கட்டணம் செலுத்தி வழக்கமான அளவைவிடக் கூடுதல் தளப்பரப்புக் கட்ட அனுமதி பெறலாம். தெரு அகலமாக ஆக, அந்தக் கூடுதலும் ஏறும். குடியிருக்க வாங்குகிறவர் பழைய வீட்டைப் பார்க்கிறார். அடுக்குவீடு கட்டுகிறவர் ஆகாயத்தைப் பார்க்கிறார். அதிலும் பக்கத்து மனையும் சேர்ந்து கிடைத்தால் அவருக்குச் சின்ன மனையின் மதிப்பே வேறு.

அம்மாள் மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போனார். சாணக்கியரைப் படித்துவிட்டுப் போகவில்லை. முறுக்குக் கொடுக்கப் போனார். பேச்சு வாக்கில் விஷயம் வெளியாயிற்று. அந்த வீட்டுக்காரர் ஒரு மாதத்துக்கு முன்பே ஓர் அடுக்குவீட்டு முதலாளியிடம் விலை பேசி முடித்திருந்தார். முடித்து வைத்தவர் இதே தரகர்! இரண்டு மனையும் சேர்ந்தால்தான் அந்த முதலாளி போட்ட திட்டம் நிறைவேறும். தரகர் ஏன் சிரித்தார் என்பது அம்மாளுக்கு அப்போது விளங்கிற்று.

கேட்க வேண்டிய கேள்விகள்

பிறகு அம்மாள் மூன்று தரகர்களை வரவழைத்தார். மூவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டார். அவற்றை நேயர்களுக்காக இங்கே தருகிறோம்.

முதலாவது: "இந்த விலை எப்படி வந்தது?" வீட்டைக் கைப்பற்றுவதற்காக விலையை வானளாவச் சொல்லி, பிறகு வாரம் ஒரு லட்சமாக இறக்குகிற தரகர்கள் உண்டு. விற்காமல் மாதக் கணக்கில் கிடக்கிற வீட்டுக்கு ஏதோ தோஷம் இருப்பதாக ஊர் பேச ஆரம்பிக்கும். ஆகையால் அதிக விலை சொல்கிறவரைவிட, சொன்ன விலைக்குக் காரணம் காட்டுகிறவர் மேல். அதே தெருவில் அண்மையில் என்ன விலைக்கு எது விற்றது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சர்க்காரின் வழிகாட்டி மதிப்பையும் வில்லங்க விவரத்தையும் பதிவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே பார்த்து வைத்துக் கொள்ளலாம். வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்காக ஏற்பட்டது. சந்தை விலை அதற்கு மேலும் இருக்கும், கீழும் இருக்கும்.

இரண்டாவது: "வாங்குகிறவரிடமும் தரகு வாங்குவீர்களா?" வாங்குவது குற்றமன்று, மறைப்பதுதான் குற்றம். "ஆம், இவ்வளவு" என்று சொல்கிறவரிடம் மேலே பேசலாம்.

மூன்றாவது: "இந்தத் தெருவில் இதற்கு முன் யாருக்கு விற்றுக் கொடுத்தீர்கள்?" அந்த வீட்டார்களிடம் நேரில் போய் விசாரியுங்கள். விற்ற பிறகும் தரகரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்கிற குடும்பத்தின் சாட்சியத்துக்கு ஈடான நற்சாட்சிப் பத்திரம் கிடையாது.

நான்காவது: "பேசியதை எழுதித் தருவீர்களா?" தரகு எவ்வளவு, யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது, எத்தனை மாதம் அவருக்கு இந்த வேலை, யார் யாரை எந்தத் தேதியில் அழைத்து வந்தார் - இவ்வளவும் ஒரு தாளில் அடங்கும். தரகு, கிரயப் பத்திரம் பதிவாகிப் பணம் முழுதும் வந்து சேர்ந்த அன்றுதான் என்று எழுதிக் கொள்ளுங்கள். ஒரே வீட்டைப் பத்துத் தரகரிடம் கொடுத்தால் பத்து விலை உலாவும்; கடைசியில் இரண்டு பேர் "இந்தக் கிராக்கியை நான்தான் அழைத்து வந்தேன்" என்று சண்டைக்கு வருவார்கள். ஒருவரை நம்பி மூன்று மாதம் கொடுப்பதே நல்லது. மூன்று மாதத்துக்கு மேல் கட்டுப்பட வேண்டாம்.

அரசாங்கப் பதிவு உண்டா என்றும் கேட்கலாம். ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு செய்யப்பட்ட புதிய மனை, அடுக்குவீட்டுத் திட்டங்களில் முதலாளிகள் விற்பவற்றுக்குத் தரகு செய்கிறவர்கள் கட்டாயம் பதிவு பெற வேண்டும் என்கிறது. ஒரு குடும்பம் தன் பழைய வீட்டை விற்பதற்கு அந்தக் கட்டாயம் எட்டுவதில்லை. ஆகவே பதிவு எண் இருந்தால் மகிழ்ச்சி. அது ஒன்றையே கண்டு மற்றக் கேள்விகளை விட்டுவிடலாகாது.

கொடுக்கக் கூடாதவை

எவ்வளவு நல்லவராயினும் தரகரிடம் கொடுக்கக் கூடாதவை சில உண்டு.

மூலப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். விற்பதற்கான பவர் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள். பவர் பத்திரம் கிரயப் பத்திரத்துக்கு ஈடாகாது, அதனால் சொத்து கைமாறிவிடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2011-இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் விற்பதற்கு அதிகாரம் பெற்றவர் உங்கள் பெயரால் கிரயம் செய்து கொடுத்துவிட முடியும். பிறகு நீங்கள் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

தரகரே முன்பணம் கொடுத்து, "எனக்கோ நான் சொல்லுகிற நபருக்கோ" ஆறு மாதத்துக்குள் கிரயம் செய்து தருவதாக விற்பனை ஒப்பந்தம் கேட்டால், அந்த இடத்திலேயே எழுந்து விடுங்கள். அவர் உங்கள் முகவர் அல்ல. உங்களிடம் மலிவாக வாங்கி மேலே விற்கிற வியாபாரி. தமிழ்நாட்டில் 2012 முதல் விற்பனை ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிவானால் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அதை ரத்து செய்யாமல் வேறொருவருக்கு விற்பது பிரம்மப் பிரயத்தனம்.

கடைசியாக, "பாதியை ரொக்கமாக வாங்கிக் கொள்ளுங்கள், வரி மிச்சம்" என்கிற யோசனைக்குச் செவி சாய்க்காதீர்கள். வீடு, நிலம் விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழக் கூடும். சட்டத்தை விடுங்கள். நாம் போராடிப் பெற்ற சுதந்திரத்தில் நாமே நடத்துகிற சர்க்கார் இது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வேண்டுமென்று கேட்டுக்கொண்டே, அவற்றுக்குச் சேர வேண்டியதைத் தலையணைக்குள் வைத்துத் தைப்பது எந்த விதத்தில் நியாயம்?

முடிவு

மாம்பலத்து அம்மாள் தேர்ந்தெடுத்தது மூவரில் குறைந்த விலை சொன்னவரை. அந்த முதியவர், "அம்மா, குடியிருக்க வாங்குகிறவர் என்றால் இவ்வளவுதான் வரும். அடுக்குவீடு கட்டுகிறவர் என்றால் இன்னும் கேட்கலாம். ஆனால் அவர்கள் பணம் தவணையில்தான் வரும், முழுப் பணமும் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்" என்றாராம். தமக்குப் பாதகமாகக்கூட உண்மையைச் சொல்கிறவர் என்று அம்மாளுக்குப் பட்டது. 2 சதவீதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

காரியம் எளிதில் முடியவில்லை. ஐந்து மாதம் ஆயிற்று. இரண்டு கிராக்கிகள் கடைசி நேரத்தில் பின்வாங்கினார்கள். கொழுந்தனார் தம் சொல்லைத் தட்டியதற்காக மனஸ்தாபம் கொண்டு வருகிறதை நிறுத்தி விட்டார். அம்மாள் பல இரவுகள் தூங்கவில்லை. கடைசியில் வீடு 1 கோடியே 52 லட்சத்துக்கு விற்றது. வாங்கியவர் வேறு யாருமில்லை. பக்கத்து மனையை முடித்த அதே முதலாளிதான். தரகு 3 லட்சத்துச் சொச்சம் போக, முதல் தரகர் தருவதாகச் சொன்னதைவிட ஏறக்குறைய 19 லட்சம் அதிகம்.

பதிவு முடிந்து சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து வெளியே வந்ததும், தரகுப் பணத்தைக் கொடுத்துவிட்டு, "கணக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்" என்றார் அம்மாள். முதியவர், "நீங்கள் போட்ட கணக்கை நான் பார்ப்பதா, அம்மா?" என்று சொல்லி, பார்க்காமலே பையில் வைத்துக் கொண்டார்.

இப்போது அம்மாள் கோயம்புத்தூரில் இருக்கிறார். மருந்தைத் தம் பணத்திலேயே வாங்குகிறார். அந்தத் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்கால வேளையில் சதவீதக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாராம். 1 கோடிக்கு 2 சதவீதம் எவ்வளவு என்பதுதான் முதல் கணக்கு என்று கேள்வி!